என் முன்பல் ஆற்றிய விஞ்ஞானத் தொண்டு

சைக்கிள் ஓட்டிக்கொண்டே ட்ரம்பெட் வாசிக்க முடியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. முடியும் என்று நானாகத்தான் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அறிவித்தேன். ஒரு கை ஹாண்டில்பாரில், ஒரு கை ட்ரம்பெட்டில். தேவாலயத்தைச் சுற்றி முக்கால் வட்டம் அழகாகப் போனது. தான்சோன் என்ற நடன மெட்டின் முதல் பகுதி முடிந்ததும், எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரும்பினேன். தண்ணீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் அங்கேதான் இருந்தது. புதிய பள்ளம் அல்ல; ஊர்ப் பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் பள்ளத்தில் இறங்கி நின்றது. ட்ரம்பெட்டும் ஹாண்டில்பாரில் இடித்து நின்றது. நான் மட்டும் முன்னேறிக்கொண்டிருந்தேன். ஊதுவாய் என் மேல்வரிசை முன்பல்லைச் சந்தித்தது.

கைதட்டல் கிடைத்தது. என் வாழ்நாளில் கேட்டதிலேயே பெரியது.

பல் உடையவில்லை. உடைந்திருந்தால் நல்லது, உடைந்ததை எல்லோரும் நம்புவார்கள். அது மெல்லச் சாம்பல் நிறமானது. பிறகு அதற்கு மேலே ஈற்றில் ஒரு கொப்புளம் வந்து, போய், மறுபடியும் வந்தது. சான் ஹசிந்தோ நகராட்சி வாத்தியக் குழுவில் நான் முதல் ட்ரம்பெட். ஞாயிறு மாலைகளில் பூங்கா மண்டபத்தில் வாசிப்போம். ட்ரம்பெட்காரனின் உதட்டுக்குப் பின்னால் முன்பல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் வருவது காற்று மட்டும்தான். எங்கள் குழுவை நடத்தும் கிரிசாந்தோ ஆறுதல் சொன்னார்.

"கவலப்படாத எவெலியோ. பல்லு போனா பெரிய மேளம் இருக்கு. அதுக்குப் பல்லு வேணாம். உன் தாளத்தப் பாத்தா, காதுகூட வேணாம்னு தோணுது."

ஊர்த் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. அதில் தனி வாசிப்பு என்னுடையது. பெரிய மேளத்தில் யாருக்கும் தனி வாசிப்பு கிடையாது.

"அந்தப் பள்ளத்த அடைக்க இன்னும் ஆள் வரல" என்றாள் என் மனைவி மிக்தாலியா. "உன் பல்லுல இருக்கிற பள்ளத்தையாவது நேரத்தோட அடச்சுக்க. போய்யா, கிளினிக்குக்குப் போ."

போனேன். பல் மருத்துவமனை வாசலில் இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்று வெயிலில், ஒன்று மாமர நிழலில். எங்கள் ஊரில் வரிசையைப் பார்த்தால் முதலில் இடம் பிடிப்பார்கள். எதற்கு வரிசை என்பதைப் பிறகு விசாரிப்பார்கள். விசாரித்துக்கொண்டு நின்றால் அதற்குள் பத்துப் பேர் முன்னால் போய்விடுவார்கள். இப்படி நின்று நான் குழந்தைகளுக்கான பால்புட்டி வாங்கியிருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஒருமுறை இரண்டு வலது கால் செருப்பும் வாங்கினேன்.

"கடைசி யாரு?" என்று நிழல் வரிசையில் கேட்டேன்.

தலைமுடியில் சுருள் உருளைகளோடு நின்ற ஓர் அம்மாள் கையைத் தூக்கினாள். "நான்தான் ராசா. எனக்கு முன்னால அந்தச் சிவப்புச் சட்டை."

வெயில் வரிசைக்காரர்களைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டு, மேஜைவரை போய்ச் சேர்ந்தேன். மேஜையிலிருந்த நர்ஸ் என் மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நாடாவைக் கட்டிவிட்டுக் கைகுலுக்கினாள்.

"வாழ்த்துகள் தோழர். நீங்க மஞ்சள் குழு."

"ரூட் கெனால் பண்ணிக்க வந்தேன்."

"அது வெயில் வரிசை. இது ஆய்வு வரிசை."

"அப்ப நான் அங்க போயிடறேன்."

"எப்படிப் போவீங்க? நாடா கட்டியாச்சே."

இதற்குள் இயக்குநரே வெளியே வந்துவிட்டார். டாக்டர் பெலிசாரியோ. மடிப்புக் கலையாத வெள்ளை குவாயபேராச் சட்டை, பைக்குள் மூன்று பேனா. அவர் யாரிடமும் பேசுவதில்லை, எல்லோரிடமும் உரையாற்றுவார். கழிப்பறைச் சாவி கேட்ட ஒருவருக்கு, சாவியின் வரலாற்றுப் பின்னணியிலிருந்து தொடங்கியதை நானே கேட்டிருக்கிறேன்.

"தோழர் எவெலியோ, பல்வேரில் ஏற்படும் சீழ்த் தொற்றுக்குத் துணை மருத்துவங்கள் என்ற துறையில நம்ம மருத்துவமனை மாகாணத்துக்கே வழி காட்டப் போகுது. தேனீப் பிசின், ஓசோன், காந்தம், மலர்ச்சாறு, காதுப் புள்ளி, மனோவசியம். மாகாண விஞ்ஞான விழாவில கேடயத்த ரெண்டு தடவையா சாந்தா ரீத்தா ஊர் மருத்துவமனைக்காரன் தூக்கிட்டுப் போறான். எத வச்சு? கத்தாழைய வச்சு." அவர் குரல் கம்மியது. "வெறும் கத்தாழை, தோழர்."

அவர் துயரம் என்னையும் தொற்றிக்கொண்டது. இருந்தாலும் கேட்டேன். "துணை மருத்துவம்னா, எதுக்குத் துணை டாக்டர்?"

"முதன்மைச் சிகிச்சைக்கு."

"அதாவது பல்லத் திறந்து, வேர்க்குழாயச் சுத்தம் பண்ணி அடைக்கிறது."

"அதேதான்."

"அது எனக்கு எப்ப?"

ஒன்றும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "மஞ்சள் குழுவுக்கு அது கிடையாது. யோசிச்சுப் பாருங்க. சுத்தம் பண்ணிட்டா பல்லு குணமாயிடும். குணமாயிட்டா, எதனால குணமாச்சுன்னு விஞ்ஞானத்துக்கு எப்படித் தெரியும்? அதோட, வேர்க்குழாயச் சுத்தம் பண்ணினதுக்கு யாராவது கேடயம் குடுத்து நீங்க பாத்திருக்கீங்களா?"

நான் பார்த்ததில்லை. அதை ஒப்புக்கொண்டேன். அந்த ஒப்புதல் என் சம்மதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

முதல் பரிசோதனையைச் செய்தவர் டாக்டர் ஓடாலிஸ். அதிகம் பேசாத இளம்பெண். சின்னக் கண்ணாடியின் பிடியால் என் பல்லை லேசாகத் தட்டினார். நான் நாற்காலியிலிருந்து ஒரு சாண் எழும்பி இறங்கினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் நின்ற இயக்குநர், "விழாவில ஆய்வுரைய வாசிக்கப் போறது டாக்டர் ஓடாலிஸ்தான். பெரிய கௌரவம்" என்றார். எடுத்த வாயை அவர் மூடிக்கொண்டார்.

தேனீப் பிசினில் தொடங்கினோம். பழுப்பு நிறக் கஷாயம் ஒன்றைப் பஞ்சில் தொட்டு ஈற்றின் மேல் பூசினார்கள். மணம் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இரண்டு தேனீக்கள் கூடவே வந்தன. "உன்னயும் யாரோ தேடி வர்றாங்களே" என்றாள் மிக்தாலியா.

அடுத்தது ஓசோன். அதற்கு இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் இல்லாத நேரங்களில் இயந்திரத்துக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். அதுவும் கணக்கில் சேரும் என்றார் இயக்குநர். "நோயாளிக்கும் இயந்திரத்துக்கும் ஒரு பழக்கம் உண்டாகணும்."

காந்தம், ஒரு பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்தது. அதைக் கன்னத்தில் கட்டிவிட்டார்கள். அதோடு பேருந்தில் ஏறியபோது எனக்கு இடம் கிடைத்தது. இந்த ஆய்வில் நான் அடைந்த பலன்களில் இதை மட்டும் சந்தேகமில்லாமல் சொல்வேன். காதுப் புள்ளிக்காரர் என் இரண்டு காதிலும் கடுகு போன்ற விதைகளை ஒட்டி, அவ்வப்போது அழுத்தச் சொன்னார். நான் இடது காதை அழுத்தினால் தெருவில் நிற்பவர்கள் ஏதோ சைகை என்று நினைத்து வலது பக்கம் நகர்ந்தார்கள். மனோவசியக்காரர் என்னைக் கண்ணை மூடச் சொல்லி, என் பல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னார். அலை வருகிறது, அலை போகிறது என்று சொல்லிச் சொல்லி அவர் உறங்கிப்போனார். எழுப்ப மனம் வரவில்லை. காலையில் ரொட்டி வரிசையில் நின்றுவிட்டு வந்தவர், பாவம்.

மலர்ச்சாறு கொடுத்த அம்மாள்தான் என்னைக் கவிழ்த்துவிட்டாள். நாக்கில் நான்கு சொட்டு விட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "கண்ணு, சின்ன வயசுல உங்கம்மா உன்னத் திட்டினாளா?"

"சைக்கிள் விஷயத்துல மட்டும்."

"பாத்தியா. பல்லு அத மறக்கல." பிறகு என் முகத்தையே பார்த்தாள். "இப்ப எப்படியிருக்கு ராசா?"

வெயிலில் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தாள். என் பதிலுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பல் விண்விண் என்று தெறித்தது.

"கொஞ்சம் தேவல" என்றேன்.

அந்த இரண்டு சொல்லைச் சொன்ன என் வாயில் தேனீ கொட்டியிருக்கலாம். அவள் முகம் மலர்ந்தது. எல்லா அறைகளுக்கும் செய்தி போனது. அடுத்து ஓசோன்காரர் வந்து, தன் பங்குக்கு ஒன்றும் இல்லையா என்று ஏக்கத்தோடு பார்த்தார். அவருக்கும் கொஞ்சம் தேவல. காந்தத்துக்கும் கொஞ்சம் தேவல. ஒருவருக்குக் கொடுத்துவிட்டு இன்னொருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? சுவரில் மாட்டியிருந்த முன்னேற்ற வரைபடத்தில் என் பெயரில் ஒரு கோடு ஏறிக்கொண்டே போனது. அதன் கீழே உட்கார்ந்து நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் இசை மருத்துவம் என்று ஒன்று இருப்பதும், சாந்தா ரீத்தாவில் அது இல்லை என்பதும் இயக்குநருக்குத் தெரிய வந்தது. ஊரில் இசை தெரிந்தவர்களைத் தேடினார்கள். என்னைத்தான் நியமித்தார்கள். மஞ்சள் குழுவுக்கு வாசிக்க வேண்டும். மஞ்சள் குழுவில் நானும் ஒருவன். ஆகவே நான் வாசித்து, நானே கேட்டு, எப்படியிருக்கிறது என்று என்னையே விசாரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஊதுவாயை உதட்டில் வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது.

"இசை உங்களையே உருக்குது பாத்தீங்களா" என்றார் இயக்குநர்.

"வலி டாக்டர்."

"வலின்னு சுருக்கமா முடிச்சிடாதீங்க. பல்லு பேச ஆரம்பிச்சிருக்கு."

விஞ்ஞான விழாவுக்கு முந்தின நாள் பல் கத்தவே ஆரம்பித்துவிட்டது. இடது கன்னம் மாம்பழம்போல் உப்பி, கண்ணைப் பாதி மூடிவிட்டது. உடம்பு சுட்டது. கண்ணாடிக்கு முன்னால் நின்று ட்ரம்பெட்டை எடுத்தேன், உதடு குவியவில்லை. ஒரு சுரம், ஒரே ஒரு சுரம் கேட்டுப் பார்த்தேன். குழாயிலிருந்து சைக்கிள் டயரில் காற்று இறங்குகிற சத்தம் வந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. பெரிய மேளத்துக்கு முன்னால் நான் நிற்பதும், புதிதாக யாரோ ஒருவன் என் மெட்டை வாசிப்பதும் கண்முன் தெரிந்தது.

மிக்தாலியா கேலி செய்யவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"இனி இது பல்லு விஷயம் இல்லய்யா. முகம் பூரா ஏறுது. எவனுக்காக நீ இன்னும் தேவல, தேவலன்னு பாடிக்கிட்டிருக்க?"

மறுநாள் அவளும் கூடவே வந்தாள்.

மருத்துவமனைக் கூடத்தில் காகிதப் பூத் தோரணம் கட்டியிருந்தார்கள். மாகாணத்திலிருந்து மூன்று நடுவர்கள் வந்து மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ரொட்டிப் பெட்டிகளும் குளிர்பானமும் அடுக்கியிருந்தன. நடுவர்களின் பார்வை பெரும்பாலும் அங்கேதான். மேடைப் பின்புறத்தில் என் வாயின் பெரிய படம், சிகிச்சைக்கு முன்னால் எடுத்தது, மிக ஆரோக்கியமாக இருந்தது.

இயக்குநர் என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார். சட்டென்று சமாளித்துக்கொண்டார்.

"பக்கவாட்டுல உக்காருங்க தோழர். வலது கன்னம் நடுவர் பக்கம். நேராப் பாக்க வேணாம். கேட்டா, கூச்ச சுபாவம்னு நான் சொல்லிக்கிறேன். முடிவுல ஒரு சின்ன மெட்டு, போதும்."

"இது குறையல டாக்டர். ஏறியிருக்கு."

"வீக்கம் குறையலன்னு யாரும் சொல்லலயே. வீக்கம் ஒத்துழைக்க ஆரம்பிச்சிருக்கு."

மைக்கைப் பிடித்தார். தேனீயின் தியாகம், தீவின் சூரிய ஒளி, கற்றாழையின் போதாமை என்று உரை போய்க்கொண்டே இருந்தது. "இந்த மருத்துவமனையில பல்லைத் துளைக்கிற இயந்திரம் ஒண்ணுதான் இருக்கு. ஆனா துணை மருத்துவ அறைகள் ஏழு. இத நான் பெருமையோட சொல்றேன்" என்றபோது நடுவர்கள் தலையாட்டினார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "இப்போ தோழர் எவெலியோ வாயைத் திறந்து, பலனை நடுவர்களுக்குக் காட்டுவார்."

நான் எழுந்தேன். ட்ரம்பெட்டைக் கொண்டுபோய் நடுவர் மேஜையில், ரொட்டிப் பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது கன்னம் அவர்களுக்குத் தெரியும்படி நேராக உட்கார்ந்தேன். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அங்கே அவர்களுக்கு என்னிடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அது என் மூஞ்சியில்தான் இருந்தது. அதைத் திறப்பதும் மூடுவதும் என் கையில் இருந்தது. இவ்வளவு நாளும் இது எனக்குத் தோன்றாமல் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

"திறங்க தோழர்" என்றார் இயக்குநர்.

தலையை ஆட்டினேன். மாட்டேன்.

நடுவர் தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "சுவாரஸ்யமா இருக்கு. நோயாளி ஏன் வாயை மூடியிருக்காரு?"

முதலில் மனோவசியக்காரர் எழுந்தார். "ஆழ்ந்த நிலைக்குப் போயிட்டாரு. என் சிகிச்சை." காதுப் புள்ளிக்காரர் விடவில்லை. "தாடை இறுகியிருக்கு பாருங்க. அது காது விதையோட வேலை." மலர்ச்சாறு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மாவ மன்னிச்சிட்டான். அதான் பேச்சு வரல." நடுவர்கள் மூன்று பேரும் குறிப்பெடுத்தார்கள். யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இவன் வாயை மூடி நான் பாத்ததே இல்ல" என்றாள் மிக்தாலியா, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "இப்ப மூடியிருக்கான்னா விஷயம் பெருசு. கைதட்டாதீங்க."

கைதட்டல் நின்றது. தலைவர் தொண்டையைச் செருமினார். "எப்படியிருந்தாலும், பல்லப் பாக்காம கேடயம் பத்தி முடிவெடுக்க முடியாது, டாக்டர் பெலிசாரியோ."

இயக்குநர் என் நாற்காலிக்கு அருகில் குனிந்தார். ரகசியமாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டார். மைக் கையிலேயே இருந்தது.

"எவெலியோ, தயவுசெஞ்சு. ஒரு பல்லு போனா போகட்டும்யா, வாயில இன்னும் எத்தன இருக்கு. கேடயம் போனா திரும்ப வருமா? அவன் கத்தாழையோட மூணாவது தடவையும் போயிடுவான்."

கூடத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் அவர் குரல் அவருக்கே திரும்பி வந்தது. மனிதர் மைக்கைப் பார்த்தார். குவாயபேராவின் கக்கத்தில் வியர்வை படர்ந்திருந்தது. அதிகாலையில் எழுந்து யாரோ அந்தச் சட்டையை அவருக்காக இஸ்திரி போட்டிருக்க வேண்டும். அவர் மேல் எனக்கு இரக்கம் வந்துவிட்டது. வாய் திறந்துவிடும்போல் இருந்தது, அது பழக்கதோஷம். பற்களைக் கடித்துக்கொள்ளப் பார்த்தேன். வலியில் கூடம் ஒரு சுற்றுச் சுற்றியது. அந்த வலிதான் என்னைக் காப்பாற்றியது. உதட்டை விடவில்லை.

"டாக்டர் ஓடாலிஸ்" என்றார் இயக்குநர், களைத்துப்போய். "நீங்களாவது அவரத் திறக்க வைங்க."

ஓடாலிஸ் கையில் வாசிக்க வேண்டிய ஆய்வுரை இருந்தது. நாற்காலியில் அதை வைத்துவிட்டு வந்தார். என் எதிரில் குந்தி, கன்னத்தில் புறங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார். தாடைக்குக் கீழே விரலால் தடவினார். பிறகு கூடத்தைத் திரும்பிப் பார்க்காமல், சாதாரணக் குரலில் சொன்னார்.

"என்ன வேணும்னு எங்கிட்ட சொல்லுங்க."

உதட்டோரத்தில் ஒரு கீற்று மட்டும் திறந்தேன். "எல்லாரும் பேசிட்டாங்க. ஒருத்தரும் பதில் சொல்லல. இந்தப் பல்லு பிழைக்குமா, பிழைக்காதா?"

"டாக்டர் ஓடாலிஸ், முழு மனிதன் என்ற கோணத்துல" என்று இயக்குநர் தொடங்கினார்.

"நீங்க சும்மா இருங்க டாக்டர்" என்றார் ஓடாலிஸ். கூடத்தில் யாரோ குளிர்பானத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. அவர் என்னைப் பார்த்தே பேசினார். "இப்படியே விட்டா பிழைக்காது. பல்லு மட்டும் இல்ல, உங்க உடம்புக்கே ஆபத்து. சீழ் உள்ள இருக்கு; நாங்க வெளிய பூசிக்கிட்டிருந்தோம். உள்ள சுத்தம் பண்ணின பிறகு அந்தப் பிசினுக்கும் ஓசோனுக்கும் சின்னதா ஒரு வேலை இருந்தாலும் இருக்கும். அதுக்கு முன்னால ஒண்ணும் இல்ல. மொத நாளே எனக்குத் தெரியும். பயந்துட்டேன்."

"இப்ப பண்ணினா?"

"இப்பவே திறந்து, சீழ வடிய விட்டு, குழாயச் சுத்தம் பண்றேன். மாத்திரையும் தர்றேன். ரொம்ப வலிக்கும். திருவிழாவுல நீங்க வாசிக்க முடியாது. அதுக்கப்புறம் பல்லு நிக்குமான்னா, எனக்குத் தெரியாது. பாதிக்குப் பாதி."

நான் வாயைத் திறந்தேன்.